கதையை எங்கே நிறுத்துவது? – "தொடரும்" சொல்லித் தரும் பாடம்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு கட்டி, கடன் தவணை கட்டி, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்ட பிறகு நாம் என்ன பேசுகிறோம்? பல ஊர்களில் பேச்சு நேராக சீரியலுக்குத்தான் போகும். "நேத்து கரண்டு போயிடுச்சு, கடைசியில என்னாச்சு?" என்று ஒருவர் கேட்பார். பார்த்தவர் சொல்வார். "அடப்பாவமே, அங்கேயா தொடரும் போட்டாங்க?" என்று எல்லோரும் அலுத்துக்கொள்வோம். ஆனாலும் மறுநாள் அதே நேரத்துக்கு அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம்.

"தொடரும்" என்ற ஒரே ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது? அதை யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள்? நாம் அதை நமக்காகப் பயன்படுத்த முடியுமா? இந்த மாதப் பாடம் இதுதான். சீரியல் பார்க்காதீர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. அதன் சூட்சுமம் தெரிந்தால் பார்க்கும்போது ஏமாற மாட்டோம். நாமே நாலு பேருக்கு ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லும்போதும் அது கை கொடுக்கும்.

"தொடரும்" என்றால் என்ன?

ஒரு நீளமான கதையை ஒரே நாளில் சொல்ல முடியாது. பிரித்துத்தான் சொல்ல வேண்டும். எங்கே பிரிப்பது என்பதில்தான் வித்தை இருக்கிறது.

ஒரு உதாரணம் பார்ப்போம். "கடிதம் வந்தது. பிரித்துப் படித்தாள். மகனுக்கு வேலை கிடைத்திருந்தது. சந்தோஷமாகத் தூங்கப் போனாள்." இங்கே நிறுத்தினால் நாமும் தூங்கப் போய்விடுவோம். இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "கடிதம் வந்தது. பிரித்தாள். முதல் வரியைப் படித்ததுமே அவள் கை நடுங்கியது." இங்கே நிறுத்தினால் நமக்குத் தூக்கம் வருமா? என்ன எழுதியிருந்தது என்று தெரியும்வரை மனசு அங்கேயே நிற்கும்.

இரண்டிலும் நடந்தது ஒன்றுதான். முதலாவதில் பதில் சொன்ன பிறகு நிறுத்தினோம். இரண்டாவதில் கேள்வி எழுந்தவுடன் நிறுத்தினோம். ஆக, "தொடரும்" என்பது பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வி.

நிறுத்தும் இடங்களைக் கவனித்துப் பார்த்தால் பெரும்பாலும் நாலு வகைக்குள் அடங்கும்.

1. ஆபத்து: குழந்தை கிணற்றடிக்குப் போகிறது. அம்மா வருவாளா?

2. ரகசியம்: பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே என்ன?

3. முடிவு: "பொண்ணை மேலே படிக்க வைக்கலாமா, வேண்டாமா?" அப்பா வாய் திறக்கிறார். என்ன சொல்லப் போகிறார்?

4. வருகை: கதவு தட்டும் சத்தம். யார் வந்திருக்கிறார்கள்?

இப்படி நிறுத்துவதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் உண்டு. "கிளிஃப்ஹேங்கர்" என்பார்கள். மலை விளிம்பில் தொங்குவது என்று அர்த்தம். இதற்குப் பொருத்தமாக ஒரு கதையைச் சொல்வார்கள். இங்கிலாந்தில் தாமஸ் ஹார்டி என்ற எழுத்தாளர் 1872, 1873-ஆம் ஆண்டுகளில் ஒரு பத்திரிகையில் தொடர்கதை எழுதினார். அதில் ஒரு ஆள் கடலோரப் பாறை விளிம்பிலிருந்து சறுக்கி, கீழே விழாமல் தொங்கிக்கொண்டிருக்கிறான். அவனை அப்படியே தொங்கவிட்டு அந்த மாதத்துப் பகுதி முடிந்துவிட்டது. அவனைக் காப்பாற்றியது யார் தெரியுமா? கூட வந்த பெண்தான். தான் உடுத்தியிருந்த உள்ளாடைத் துணிகளைக் கிழித்து, முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி அவனை மேலே ஏற்றிவிடுகிறாள். அந்தக் காலத்திலேயே ஒரு பெண்ணின் சமயோசித புத்தியை நம்பித்தான் அந்தத் "தொடரும்" நின்றிருக்கிறது!

நம்ம ஊர்க் கூத்தில் இருக்கிறது

வெளிநாடு வரை போக வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிது கிடையாது. பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். வில்லிபுத்தூரார் பாரதத்தை வைத்துப் பிரசங்கியார் பாட்டும் விளக்கமுமாகச் சொல்லுவார். பிறகு விடிய விடியத் தெருக்கூத்து. சில ஊர்களில் 10 நாள், சில ஊர்களில் 18 நாள், 20 நாள் என்று போகும். கடைசி நாளில் படுகளம், தீமிதி. இப்படி ஒரே கதையை நாள் கணக்கில் பிரித்துச் சொல்வதும் தொடர்கதைதானே?

இங்கே ஒரு கேள்வி வரும். பாரதக் கதை யாருக்குத் தெரியாது? துரியோதனன் சாகப் போகிறான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதைக்கு ஏன் மறுநாளும் பாயை எடுத்துக்கொண்டு போய் இடம் பிடிக்கிறோம்?

பாஞ்சாலியின் கூந்தலை நினைத்துப் பாருங்கள். சூதாட்டத்தில் தோற்று, சபையில் துகிலுரியப்பட்டபோது அவள் சபதம் செய்கிறாள். இந்த அநியாயத்துக்குப் பதில் கிடைக்கும்வரை கூந்தலை முடிக்க மாட்டேன் என்கிறாள். அந்தக் கூந்தல் அன்றைக்கு விரிந்ததுதான். அதற்குப் பிறகு வனவாசம் வருகிறது, அர்ச்சுனன் தபசு வருகிறது, கிருஷ்ணன் தூது வருகிறது, போர் வருகிறது. அத்தனை நாளும் அந்தக் கூந்தல் முடியாமலே இருக்கிறது. படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் தரையில் கிடக்க, அங்கேதான் பாஞ்சாலி கூந்தலை முடிக்கிறாள். அப்போது பெண்கள் கூட்டத்தில் கண்ணீர் வராதவர்கள் குறைவு.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. முதல் விஷயம், காத்திருக்க வைப்பது "என்ன நடக்கும்" என்ற கேள்வி மட்டுமில்லை. "எப்படி நடக்கும், எப்போ நியாயம் கிடைக்கும்" என்ற கேள்விக்கு அதைவிட பலம் உண்டு. இரண்டாவது விஷயம், ஒரு பெரிய கேள்வி கதை முழுக்க நிற்க வேண்டும். அதற்குக் கீழே ஒவ்வொரு நாளைக்கும் ஒரு சின்னக் கேள்வி வர வேண்டும். சின்னக் கேள்விக்கு மறுநாள் பதில் கிடைக்கும். பெரிய கேள்விக்குக் கடைசி நாளில் பதில் கிடைக்கும்.

நம் மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகம் கூத்தாண்டவர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். களபலியாகச் சம்மதித்த அரவான், சாவதற்கு முன்னால் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறான். நாளைக்குச் சாகப் போகிறவனுக்கு யார் கழுத்தை நீட்டுவார்கள்? இந்த ஒரு கேள்வியில் கதை நின்று போகிறது. கிருஷ்ணனே மோகினி உருவம் எடுத்து வந்து பதில் சொல்கிறார். ஒவ்வொரு சித்திரையிலும் எங்கெங்கிருந்தோ திருநங்கைகள் வந்து தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுகிறார்கள். முடிவு தெரிந்த கதைதான். ஆனாலும் வருஷா வருஷம் அந்தக் கேள்வி புதிதாகவே இருக்கிறது.

பத்திரிகைக்கு வந்த தொடர்கதை

கூத்துக் களத்தில் இருந்த இந்த வித்தை, அச்சுப் பத்திரிகை வந்ததும் அங்கேயும் போனது. ராஜமய்யர் எழுதிய கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்தது. தமிழில் வந்த ஆரம்பகாலத் தொடர்கதைகளில் அது ஒன்று.

பெண்களான நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901-ல் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே கல்யாணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கதை சொல்வதில் கெட்டிக்காரர். ஆரம்பத்தில் அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1925-ல் ஜகன்மோகினி என்ற பத்திரிகையைத் தானே எடுத்து நடத்தி, தன் நாவல்களை அதில் தொடராக வெளியிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். கதை சொல்லப் பெரிய படிப்பு வேண்டும் என்று நம்மில் யாராவது நினைத்தால் இந்த அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லத் தெரிந்தால் போதும். எழுதிக் கொடுக்கப் பக்கத்தில் ஒரு தோழி இருப்பாள். நம் குழுவிலேயே இருப்பாள்.

பிறகு வந்தவர் கல்கி. பொன்னியின் செல்வன் கதை கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வந்தது. மூன்றரை வருஷம்! வாரா வாரம் பத்திரிகை வருவதற்காக வீடுகளில் காத்திருந்தார்கள். படித்ததும் அந்தப் பக்கங்களைப் பத்திரமாகக் கிழித்து எடுத்து, நூல் போட்டுத் தைத்து, பைண்டு பண்ணி வைத்தார்கள். அம்மா பைண்டு பண்ணியதை மகள் படித்தாள், மகள் வைத்திருந்ததைப் பேத்தி படித்தாள். கதை முடிந்த பிறகு, மற்றவர்கள் கதி என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி அதற்கு ஒரு முடிவுரையே எழுதினார். காத்திருந்தவர்களுக்குப் பதில் சொல்வது தன் கடமை என்று நினைத்ததால்தானே அதைச் செய்தார்?

இதற்கு நேர் எதிரானது தினத்தந்தியில் வரும் கன்னித்தீவு. லைலாவைக் கையில் வைத்துக்கொண்டு சிந்துபாத் போகும் படக்கதை. அறுபது வருஷத்துக்கும் மேலாக வருகிறது, முடியவே இல்லை. அதனால்தான் இழுத்துக்கொண்டே போகும் எந்த விஷயத்தையும் "கன்னித்தீவு மாதிரி" என்று சொல்கிறோம். "பட்டா மாத்துறது கன்னித்தீவு கதையா போச்சு" என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருப்போம்!

டிவி வந்த பிறகு

1984-ல் தூர்தர்ஷனில் "ஹம் லோக்" என்ற இந்தி சீரியல் தொடங்கியது. 156 பகுதிகள். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதை. அதில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூத்த நடிகர் அசோக் குமார் வந்து, நடந்ததைப் பற்றிப் பார்ப்பவர்களோடு பேசுவார். இதில் யார் செய்தது சரி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசிக்க வைப்பார். ஜனங்கள் லட்சக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். இங்கிலாந்திலும் 1951 முதல் "ஆர்ச்சர்ஸ்" என்று ஒரு ரேடியோ நாடகம் வருகிறது. போருக்குப் பிறகு உணவுப் பஞ்சம் இருந்த காலத்தில், புது விவசாய முறைகளைக் கதையோடு கலந்து விவசாயிகளுக்குச் சொல்வதற்காகத் தொடங்கியது. இன்றைக்கும் நடக்கிறது.

தமிழில் தனியார் சேனல் வந்த பிறகு சித்தி, மெட்டி ஒலி, கோலங்கள் என்று ஒவ்வொன்றும் வருஷக்கணக்கில் ஓடியது. கோலங்கள் 2003-ல் தொடங்கி 2009-ல்தான் முடிந்தது. 2006-க்குப் பிறகு அரசு இலவச கலர் டிவி கொடுத்ததால், பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்தவர்களும் தங்கள் வீட்டிலேயே பார்க்க ஆரம்பித்தார்கள்.

டிவியில் "தொடரும்" எப்படி வருகிறது என்று கவனியுங்கள். ஒருவர் ஒரு வார்த்தை சொல்வார். சுற்றி நிற்கும் ஒவ்வொருவர் முகத்தையும் தனித்தனியாகக் காட்டுவார்கள். இசை ஏறும். முகம் அப்படியே உறைந்து நிற்கும். விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் வைப்பார்கள். நாள் முடிவில் கொஞ்சம் பெரிய நிறுத்தம். வாரக் கடைசியில் ரொம்பப் பெரிய நிறுத்தம், ஏனென்றால் இடையில் லீவு நாளைத் தாண்டியும் நம்மைக் காத்திருக்க வைக்க வேண்டுமே!

இதில் யாருக்கு லாபம்? நாம் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தைத்தான் சேனல் விளம்பரக்காரர்களுக்கு விற்கிறது. நாம் எழுந்து போகாமல் இருக்கவே அந்த நிறுத்தம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினம் மூணு சீரியல், ஒவ்வொன்றும் அரை மணி என்றால் ஒன்றரை மணி நேரம். வாரத்துக்கு ஆறு நாளென்றால் 9 மணி நேரம். வருஷத்துக்கு 468 மணி நேரம். ஒரு நாள் வேலை 8 மணி என்று வைத்தால் 58 நாள் வேலைக்குச் சமம். உழைத்துக் களைத்து வந்தவர்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் 58 நாளை யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்கலாமே.

இப்போது செல்போனிலும் இது வந்துவிட்டது. ஒரு நிமிஷக் கதை ஓடும். முக்கியமான இடத்தில் நின்று, "பார்ட் 2 பார்க்க ஃபாலோ பண்ணுங்க" என்று வரும். சில ஆப்களில் முதல் சில பகுதிகள் இலவசம். கதை சூடு பிடிக்கும் இடத்தில் பணம் கேட்கும். ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய்தானே என்று அனுமதி கொடுத்தால், "ஆட்டோ பே" மூலம் மாதா மாதம் பெரிய தொகை கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். கதை ஆசையில் பட்டனை அழுத்தும் முன்னால் எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று படித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் குழுவில் விவரம் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

மனசு ஏன் காத்திருக்கிறது?

இதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்களில் முதன்மையான இரண்டு பேர் பெண்கள். ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் படித்த ப்ளூமா சைகார்னிக், 1927-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். சிலரிடம் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்து, சிலவற்றை முடிக்க விட்டார், சிலவற்றைப் பாதியில் நிறுத்தினார். முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலைதான் அதிகம் ஞாபகம் இருக்கிறது என்றார். அடுத்த வருஷம் அவரோடு இருந்த மரியா ஓவ்சியான்கினா இன்னொன்றைச் சொன்னார். பாதியில் நின்ற வேலையை, யாரும் சொல்லாமலே மனிதர்கள் திரும்பப் போய் எடுத்து முடிக்கப் பார்க்கிறார்கள் என்றார்.

பிற்காலத்தில் பலர் இதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஞாபகம் பற்றிய முதல் முடிவு எல்லா இடத்திலும் சரியாக வரவில்லை. திரும்பப் போய் முடிக்கப் பார்ப்பார்கள் என்ற இரண்டாவது முடிவுதான் உறுதியாக நின்றது. நமக்கே தெரியும். பாதி கட்டிய பூச்சரத்தை வைத்துவிட்டு எழுந்து போனால் கை துறுதுறு என்றுதான் இருக்கும். கதையும் அப்படித்தான்.

கடன் மாதிரிதான் இதுவும்

நல்ல "தொடரும்" எது, ஏமாற்று "தொடரும்" எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நமக்குத் தெரிந்த கடன் கணக்கை வைத்தே பார்க்கலாம்.

கதை சொல்பவர் நம்மிடம் கடன் வாங்குகிறார். நம் நேரமும் பொறுமையும்தான் அந்தக் கடன். "இரு, நாளைக்குச் சொல்றேன்" என்பது வாக்கு. நல்ல கதைசொல்லி நாளைக்கு வந்து ஒரு தவணையைக் கட்டிவிடுவார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, அதிலிருந்து அடுத்த கேள்வியை எழுப்புவார். நாணயமான உறுப்பினர் பழைய கடனைக் கட்டிவிட்டுப் புதுக் கடன் கேட்கிற மாதிரி.

ஏமாற்றுக்காரர் என்ன செய்வார்? "கதவைத் திறந்தால் யாரோ நிற்கிறார்கள்" என்று நேற்று நிறுத்தியிருப்பார். இன்றைக்குத் திறந்தால் பால்காரர்! பயப்பட வேண்டிய விஷயமே இல்லை. அல்லது "அது கனவு" என்பார். அல்லது அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வேறு பிரச்சனைக்குப் போய்விடுவார். பழைய தவணையைக் கட்டாமல் புதுக் கடன் வாங்கிக்கொண்டே போவது இது. நம் குழுவில் இப்படி ஒருவர் செய்தால் விடுவோமா? கதைக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

நாம் எப்படிப் பயன்படுத்துவது?

ஊக்குநர்கள், பிரதிநிதிகள், கிராமசபையில் பேசுபவர்கள், பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பாட்டிமார் எல்லோருக்கும் இது உதவும். கூட்டத்தில் "இதைச் செய்யாதே, அதைச் செய்" என்று சொன்னால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். அதையே நாலு கூட்டத்துக்கு நாலு பகுதியாகக் கதை சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் சேரும்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கதை. கல்வராயன் மலையில் ஒரு ஊர். சாமையும் மரவள்ளியும் போடும் ஒரு குடும்பம். மனைவிக்குப் பொன்னி என்று பேர் வைப்போம்.

பகுதி 1: வெளியூர் ஆள் ஒருவன் பைக்கில் வருகிறான். "மரம் வெட்டுற வேலை, ஒரு மாசம், கை நிறையக் காசு" என்று பொன்னியின் புருஷனிடம் முன்பணத்தை நீட்டுகிறான். "எந்த ஊர்ல வேலைங்க?" என்று பொன்னி கேட்கிறாள். "வண்டியில ஏறினப்புறம் சொல்றேன்மா" என்று சிரிக்கிறான். (நிறுத்தம்)

பகுதி 2: ஊர்ப் பேர் சொல்லாத வேலை என்ன வேலை என்று பொன்னிக்குச் சந்தேகம். போன வருஷம் இதே மாதிரி போனவனின் மனைவியைக் கேட்கப் போகிறாள். பேச்சை எடுத்ததுமே அந்தப் பெண் கதவைச் சாத்திவிடுகிறாள். (நிறுத்தம்)

பகுதி 3: மறுநாள் அந்தப் பெண்ணே வந்து சொல்கிறாள். அவள் புருஷன் ஆந்திராவில் ஜெயிலில் இருக்கிறான். வெட்டப் போனது செம்மரம். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பொன்னி வீட்டுக்கு ஓடி வருகிறாள். சுவரில் மாட்டியிருந்த புருஷனின் பை இல்லை. (நிறுத்தம்)

பகுதி 4: இதை நீங்களே சொல்லி முடியுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. எங்கிருந்தோ ஒரு கதாநாயகன் வந்து காப்பாற்றக் கூடாது. பொன்னியும் அவள் குழுவும் சேர்ந்து செய்யக்கூடியதாக முடிவு இருக்க வேண்டும்.

இந்தக் கதை கற்பனை, ஆனால் விஷயம் கற்பனை இல்லை. முன்பணத்தைக் காட்டி ஏஜெண்டுகள் ஆள் பிடிப்பதும், மலை ஊர்களிலிருந்து போனவர்கள் செம்மர வழக்கில் சிக்கிக்கொள்வதும் நமக்குத் தெரிந்ததுதான். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திர போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதனால் ஒவ்வொரு பகுதியைச் சொல்லி நிறுத்தும்போதும் ஒரு உறுதியான தகவலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். முதல் பகுதியில்: வேலைக்குக் கூப்பிடுபவரின் பேர், ஊர், போன் நம்பர், கூலி எல்லாவற்றையும் கேட்டு எழுதி வைக்காமல் முன்பணம் வாங்கக் கூடாது. மூன்றாம் பகுதியில்: வழக்கில் சிக்கியவர் குடும்பத்துக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

மறக்கக் கூடாத ஒரு கட்டுப்பாடு

கதையை நிறுத்தலாம். உயிர் காக்கும் செய்தியை நிறுத்தக் கூடாது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை நாம் யாரும் மறக்க முடியாது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதைப் பற்றி நீங்கள் ஒரு கதை சொல்கிறீர்கள் என்று வையுங்கள். "புருஷன் வீட்டுக்கு வந்தான். கண்ணு சரியா தெரியலன்னு சொன்னான்" என்ற இடத்தில் நிறுத்தினால் எல்லோரும் திகைத்துப் போவார்கள். கதைக்கு அது நல்ல நிறுத்தம்தான். ஆனால் பதிலை அடுத்த கூட்டத்துக்கு வைத்தால், அந்த ஒரு வாரத்தில் கேட்டவர் வீட்டிலேயே இது நடக்கலாம். அதனால் அன்றைக்கே, கலைந்து போவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்: சாராயம் குடித்தவருக்குக் கண் மங்கினால், வயிறு வலித்தால், வாந்தி வந்தால், மூச்சு வாங்கினால் போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இந்த விஷம் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோகூட வேலை காட்டும். கூடக் குடித்தவர்களையும் தேடிப்போய்ச் சொல்லுங்கள்.

அந்த மனைவி என்ன செய்தாள், அவன் பிழைத்தானா என்பதை அடுத்த வாரம் சொல்லலாம். நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை இன்றைக்கே சொல்ல வேண்டும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, பாம்புக் கடி, பிரசவ நேர ஆபத்து எதைப் பற்றிக் கதை சொன்னாலும் இதே கட்டுப்பாடுதான்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு

மலையில் மூத்தவர்கள் ஒரு கதை சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் கிளம்பி, மலையேறி வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறிய கதை. இதை ஒரே ராத்திரியில் சொல்லி முடித்துவிடாதீர்கள். ஏன் ஊரை விட்டுக் கிளம்பினார்கள் என்பது முதல் ராத்திரி. வழியில் என்ன ஆனது என்பது இரண்டாம் ராத்திரி. யார் எந்த மலைக்குப் போனார்கள் என்பது மூன்றாம் ராத்திரி. பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு, "ஆயா, அப்புறம்?" என்று தானாக வந்து கேட்பார்கள். அந்தக் கதை அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேரும்.

குழுவில் கலந்து பேச

1. இந்த வாரம் பார்த்த ஒரு சீரியலை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்வியில் நிறுத்தினார்கள்? ஆபத்தா, ரகசியமா, முடிவா, வருகையா? மறுநாள் பதில் கிடைத்ததா?

2. ஒரு நாள் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் கதை எத்தனை நிமிஷம், விளம்பரம் எத்தனை நிமிஷம்? எழுதிக்கொண்டு வந்து ஒப்பிடுங்கள்.

3. நம் ஊர்க் கூத்தில் எந்த ராத்திரி உங்களை ரொம்பக் காக்க வைத்தது? ஏன்?

4. செல்போன் ஆப் ஏதாவது உங்கள் கணக்கிலிருந்து மாதா மாதம் பணம் எடுக்கிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள்.

செய்து பார்க்க

குழுவில் நாலு பேர் சேர்ந்து, பொன்னி கதையின் நாலாவது பகுதியை முடியுங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தங்கள் முடிவைப் படித்துக் காட்டட்டும். எந்த முடிவில் பொன்னி கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.